மார்க்கன்: ஒரு டச்சுத் தீவுக் கிராமம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெதர்லாந்துக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி முடித்ததும், "பக்கத்தில் பார்க்கிற மாதிரி கிராமம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார்கள். நான் மார்க்கனைச் சொல்வேன். அந்த ஊரைப் பற்றி அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பச்சை நிற மரவீடு, மரக்காலணி, பூவேலை செய்த உடை என்று நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம், தப்பில்லை. ஆனால் அங்கே விசித்திரமாகத் தெரிகிற ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான் காரணம். அது தெரிந்து போனால் ஊர் கூடுதலாகப் பேசும்.

மார்க்கன் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

ஆம்ஸ்டர்டாமுக்கு வடகிழக்கே, வட ஹாலந்து மாகாணத்தில். மக்கள்தொகை சுமார் 1,800. 1991 வரை தனி நகராட்சியாக இருந்தது. அதன்பிறகு சுற்றியுள்ள ஊர்களோடு சேர்ந்து வாட்டர்லாந்து நகராட்சியில் இணைந்துவிட்டது.

இது தீவா, இல்லையா?

இன்றைக்குத் தீவு இல்லை. 1957-ல் கரையிலிருந்து ஒரு நீண்ட அணைக்கரை போட்டு, அதன்மேல் சாலை வந்தது. அதற்கு முன்பு சுமார் 700 ஆண்டுகள் படகில் மட்டுமே போய்வரக்கூடிய தீவாக இருந்தது. ஆனால் ஊர்க்காரர்களின் பேச்சில், மனதில், பழக்கத்தில் அது இன்னும் தீவுதான்.

இன்னும் முன்னே போனால், தொடக்கத்திலும் அது தீவு இல்லை. செடிகொடிகள் மக்கிச் சேர்ந்த சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியாக, தரையோடு ஒட்டித்தான் இருந்தது. 12, 13-ம் நூற்றாண்டுகளில் புயல் வெள்ளங்கள் அடுத்தடுத்து அந்த மென்மையான மண்ணைக் கரைத்துக்கொண்டே போயின. வட கடல் உள்ளே புகுந்து ஸாய்டர்ஸே என்ற பெரிய உள்கடல் உருவானது. மார்க்கன் துண்டாகித் தனியே நின்றது.

முதலில் அங்கே குடியேறியவர்கள் யார்?

தொடக்க காலக் குடியேற்றத்தில் பெரிய பங்கு துறவிகளுக்கு. வடக்கே ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் ஹாலும் என்ற ஊருக்கு அருகே இருந்த மரியன்கார்டே மடத்தைச் சேர்ந்த, நார்பெர்ட்டின் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் 13-ம் நூற்றாண்டில் மார்க்கனில் நிலம் வாங்கிக் கரைகள் கட்டி விவசாயம் செய்தார்கள். எதிரே தரையில் இருக்கும் மோனிக்கண்டாம் ('துறவிகளின் அணை') என்ற ஊரின் பெயரிலும் அந்தத் துறவிகள் இருக்கிறார்கள்.

1345-ல் ஹாலந்தின் கோமகன் நான்காம் வில்லெம், ஃப்ரீஸ்லாந்தின் மேல் படையெடுத்துப் போய் வார்ன்ஸ் போரில் கொல்லப்பட்டார். அதன்பிறகு ஃப்ரீஸ்லாந்துத் துறவிகளுக்கு ஹாலந்துப் பக்கம் இடமில்லாமல் போனது. மார்க்கனை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். கரைகளைப் பராமரிக்க ஒரு பெரிய மடம் இருந்த காலம் அத்தோடு முடிந்தது. அடுத்து வந்த நூற்றாண்டுகளில் சிறிய தீவு மக்களே தங்கள் கையால் கடலைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

வீடுகள் ஏன் அப்படி நெருக்கியடித்து நிற்கின்றன? சுற்றிலும் இவ்வளவு வெற்று நிலம் இருக்கிறதே?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சரியான கேள்வியும்கூட.

தீவைச் சுற்றி இருந்த கரை தாழ்வானது. கோடையில் அலையைத் தடுக்கும். குளிர்காலப் புயலில் தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே வந்துவிடும். சில ஆண்டுகளில் குளிர்காலம் முழுக்கப் புல்வெளிகள் தண்ணீருக்கடியில்தான். அதனால் கையால் மண் கொட்டி மேடுகள் எழுப்பினார்கள். இந்த மேட்டுக்கு 'வெர்ஃப்' என்று பெயர். மேட்டில் வீடு, தாழ்வில் வைக்கோலுக்கான புல். இதுதான் ஊரின் அமைப்பு. கெர்க்பியூர்ட் என்ற தேவாலயத் தெரு, ரோஸவெர்ஃப், மூனிஸ்வெர்ஃப், விட்டவெர்ஃப், ஹ்ரோட்டவெர்ஃப் என்று தனித்தனிக் குடியிருப்புகளாக ஊர் சிதறிக் கிடப்பதற்கு அதுதான் காரணம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெள்ளக் காலத்தில் படகில் போனார்கள்.

மேடு குறுகியது, குடும்பங்கள் பெருகின. ஓர் அடி இடம்கூட வீணாகாமல் வீட்டோடு வீடு ஒட்டிக் கட்டினார்கள். 19-ம் நூற்றாண்டில் மேடுகளில் இடமே இல்லாமல் போனபோது, சரிவிலும் தாழ்விலும் மரக்கால்களை நட்டு அவற்றின்மேல் வீடு கட்டத் தொடங்கினார்கள். வெள்ளம் வந்தால் வீட்டுக்கு அடியில் ஓடிவிட்டுப் போகும். இப்போது போனால் பல வீடுகளின் கீழ்ப்பகுதி பலகை அடித்து மூடியிருப்பதைப் பார்க்கலாம். கடல் அடங்கிய பிறகு அந்தக் கீழிடத்தையும் அறையாக்கிக்கொண்டார்கள். மேல்தளத்துக்கு வெளிப்படி ஏறும் வீட்டைப் பார்த்தால், அது முன்பு கால்களின்மேல் நின்ற வீடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செங்கல் நாடான நெதர்லாந்தில் ஏன் மரவீடு?

அடியில் இருப்பது பஞ்சுபோன்ற சதுப்பு மண். கனமான சுவர் அமிழ்ந்துவிடும். மரம் இலேசானது. முன்பு பலகைகளுக்குத் தார் பூசினார்கள், ஊர் கறுப்பாகத் தெரிந்தது. இன்று பார்க்கும் பச்சையும் வெள்ளை விளிம்பும் பிறகு வந்தவை.

பழைய வீட்டின் உள்ளே எப்படி இருக்கும்?

கெர்க்பியூர்ட்டில் உள்ள மார்க்கர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். புகைக்கூண்டு இல்லாத பழைய வீடுகளில் அமைந்திருக்கிறது. நடுவில் நெருப்பு எரியும். புகை கூரை வழியாகத் தானே வெளியேறும். போகும் வழியில் மேலே தொங்கும் மீன்களையும் வலைகளையும் பதப்படுத்திவிட்டுப் போகும்.

சுவருக்குள் அலமாரி மாதிரிக் கதவு வைத்த படுக்கை. வண்ணம் தீட்டிய பெட்டிகள், சுவர் நிறையத் தட்டுகள். அந்தச் சிறிய அறைக்குள் ஒரு குடும்பம் தன்னிடம் இருந்த அழகான பொருள்களையெல்லாம் எதிரே தெரியும்படி வைத்திருந்தது. ஏழை மீனவர் வீடு இப்படி நிறம் கொழிக்கும் என்று எதிர்பார்க்காமல்தான் பலரும் உள்ளே நுழைகிறார்கள்.

என்ன தொழில் செய்தார்கள்?

முதலில் நிலம். ஆனால் நிலம் அமிழ்ந்துகொண்டே போனதால் பயிர் எடுபடவில்லை. வைக்கோல் மட்டுமே மிஞ்சியது. ஆண்கள் கடலுக்குப் போனார்கள். ஸாய்டர்ஸேயில் ஹெர்ரிங், நெத்திலி, தட்டை மீன், விலாங்கு எல்லாம் கிடைத்தன. 19-ம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டிய பிறகு படகுகள் பெருகின.

இடையில் ஒரு தொழிலை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வழிகாட்டிகள் அநேகமாகச் சொல்வதில்லை. ஆம்ஸ்டர்டாமுக்கு வரும் பெரிய கப்பல்களுக்குப் பாம்புஸ் என்ற மணல்திட்டு பெரிய தலைவலி. சரக்கு ஏற்றிய கப்பல் தட்டி நின்றுவிடும். 1690-ல் மேயூவிஸ் மெய்ண்டெர்ட்ஸ் பாக்கர் என்ற ஆம்ஸ்டர்டாம்காரர் ஒரு வழி கண்டார். தண்ணீர் நிரப்பிய இரண்டு பெரிய மரத்தொட்டிகளைக் கப்பலின் இருபுறமும் சேர்த்துக் கட்டி, பிறகு தண்ணீரை இறைத்துவிடுவது. தொட்டிகள் மேலே வரும்போது கப்பலையும் தூக்கிக்கொண்டு வரும். இதற்கு 'ஒட்டகம்' என்று பெயர். அப்படித் தூக்கிய கப்பலை மணல்திட்டுக்கு மேலாக இழுத்துக்கொண்டு போகக் கனமான பாய்மரப் படகுகள் வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களில் மார்க்கன்காரர்கள் முக்கியமானவர்கள். உலகம் சுற்றிய கப்பல்களின் கடைசிச் சில கிலோமீட்டர்கள் இவர்கள் கையில் இருந்தன. 1824-ல் வட ஹாலந்துக் கால்வாய் திறந்து கப்பல்கள் வேறு வழியில் போகத் தொடங்கியதும் அந்த வருமானம் போயிற்று. அப்புறம் மீன்தான் எல்லாம்.

1916 வெள்ளம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறதே, என்ன நடந்தது?

1916 ஜனவரி 13 இரவு முதல் 14 வரை ஸாய்டர்ஸேயில் பெரும்புயல். சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் கரை உடைந்தது. மார்க்கன் முழுவதும் தண்ணீருக்குள். படகுகள் துறைமுகத்திலிருந்து தூக்கி எறியப்பட்டன, மரவீடுகள் பெயர்ந்து போயின. அந்தச் சிறு தீவில் 16 பேர் இறந்தார்கள். எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கும் ஊரில் 16 பேர் என்றால் துக்கம் இல்லாத வீடு இருந்திருக்காது.

ஸாய்டர்ஸேயை அணை போட்டு மூட வேண்டும் என்று பொறியாளர் கோர்னேலிஸ் லேலி 1891-லேயே திட்டம் தந்திருந்தார். செலவு, தயக்கம் என்று அது கிடப்பில் கிடந்தது. வெள்ளமும் முதல் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து தயக்கத்தை உடைத்தன. லேலி அப்போது அமைச்சர். 1918-ல் ஸாய்டர்ஸே சட்டம் நிறைவேறியது. 1932 மே 28 அன்று, 32 கிலோமீட்டர் நீளமுள்ள அஃப்ஸ்லாய்ட்டைக் அணையின் கடைசி இடைவெளி அடைபட்டது. கடல் ஏரியாயிற்று, பெயர் ஐஸெல்மேர்.

அப்படியென்றால் மார்க்கன் மக்கள் சந்தோஷப்பட்டிருப்பார்களே?

உயிர்பயம் போயிற்று. கூடவே பிழைப்பும் போயிற்று. உப்புநீர் சில ஆண்டுகளில் நன்னீராகிவிட்டது. ஹெர்ரிங்கும் நெத்திலியும் இல்லாமல் போயின. விலாங்கு மாதிரி நன்னீரைத் தாங்கும் மீன்கள் மிஞ்சின. அவற்றை வைத்து ஒரு மீனவ ஊரே வாழ முடியாது. மீனவர்களுக்கு உதவ அரசு 1925-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது உண்மை. ஆனால் தலைமுறைகளாக அலையையும் காற்றையும் படித்து வந்த அறிவை எந்த நிவாரணத்தால் ஈடு செய்ய முடியும்? ஆண்கள் கரைக்கு வேலை தேடிப் போனார்கள்.

இந்த வரலாற்றை "டச்சுப் பொறியியலின் வெற்றி" என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அணை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கான விலையை நாடு முழுவதும் சமமாகக் கொடுக்கவில்லை. ஸாய்டர்ஸே ஓரத்து மீனவ ஊர்கள்தான் கொடுத்தன. மார்க்கனைப் பார்க்கப் போகிறவர் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1957-ல் சாலை போட்டது தீவு மக்களுக்காகவா?

நேரடியாக இல்லை. மார்க்கனைச் சுற்றியுள்ள நீர்ப்பகுதியை வடித்து 'மார்க்கர்வார்ட்' என்ற புதுநிலம் உண்டாக்கத் திட்டம் இருந்தது. 1941-ல் தீவிலிருந்து வடக்கே அதற்கான அணைக்கரை போடத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலம், வேலை பாதியில் நின்றது. புக்டைக் என்ற அந்த அரைகுறைக் கரை இன்றும் தண்ணீருக்குள் நீண்டு நின்றுவிடுகிறது. 1957 கரையும் அதே திட்டத்தின் ஒரு துண்டு. பிறகு வந்த ஹவுட்ரிப்டைக் அணை ஏரியை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கத்துக்கு மார்க்கர்மேர் என்ற பெயர் வந்தது. கடைசியில் நிலமாக்கும் திட்டத்தையே கைவிட்டார்கள். அது நிறைவேறியிருந்தால் மார்க்கனைச் சுற்றி இன்று வயல்கள்தான் இருந்திருக்கும்.

அந்த உடை என்ன? எப்போதும் அணிவார்களா?

இன்று தினசரி உடையாகப் பார்ப்பது மிக அரிது. விழா நாட்களில் பார்க்கலாம். ஆனால் 20-ம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஊரே அதைத்தான் அணிந்தது.

பெண்களின் உடை பல அடுக்குகள் கொண்டது. கோடு போட்ட கைப்பகுதி, அதன்மேல் இறுக்கிக் கட்டும் பூத்தையல் மேற்சட்டை, அதற்கு முன்னால் பூப்போட்ட துணி, பாவாடை, மேலாடைத் துணி என்று போகும். தலையில் பல துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் குத்திய தொப்பி. முன்நெற்றி முடியை நேராக வெட்டி விறைப்பாக நிறுத்துவார்கள். இரு பக்கமும் நீண்ட சுருள்கள் தொங்கும். பூத்தையல் சட்டைகள் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வரும். பழையது என்றால் மதிப்பு கூடும்.

நிறத்துக்கு அர்த்தம் உண்டு. துக்கத்தில் சிவப்பு ஒதுங்கிக் கறுப்பும் நீலமும் வரும். திருநாளுக்குத் திருநாள் உடை மாறும். பெந்தெகொஸ்தேக்குத்தான் ஆகச் சிறந்த உடை வெளியே வரும். ஒரு பெண் தெருவில் வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தே, அது என்ன நாள், அவள் வீட்டில் இழவு விழுந்திருக்கிறதா என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

குழந்தைகளில் ஆண், பெண் இருவரும் ஆறேழு வயது வரை பாவாடைதான். தொப்பியைப் பார்த்துத்தான் பையனா பெண்ணா என்று தெரியும். அந்த வயது தாண்டியதும் பையனுக்கு முழங்காலுக்குக் கீழே முடியும் தொளதொளப்பான கால்சட்டை. ஆண்கள் அந்த உடையை முதலில் விட்டார்கள். வேலைக்காகத் தரைக்குப் போனவர்கள் அவர்கள்தானே. பெண்கள் நீண்ட காலம் தாங்கிப் பிடித்தார்கள்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஏப்ரல் 27, மன்னர் தினத்தன்று போங்கள். அரச குடும்பத்தின் ஆரஞ்சு நிறம் சேர்த்த பாரம்பரிய உடையில் பெரியவர்களும் குழந்தைகளும் தெருவில் இருப்பார்கள். அது சுற்றுலாவுக்காக நடத்தும் காட்சி இல்லை, அவர்கள் தங்களுக்காகக் கொண்டாடுவது.

மார்க்கன் உடையில் நம் பக்கத்துத் துணி இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். மேற்சட்டைக்கு முன்னால் வரும் பூத்துணிக்குச் சீட்டி பயன்பட்டது. 17, 18-ம் நூற்றாண்டுகளில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து சீட்டித் துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றியது. பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டை கட்டி அங்கிருந்து வணிகம் செய்தார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். சாயவேரின் சிவப்பு எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அந்த வித்தை அப்போது ஐரோப்பாவில் யாருக்கும் கைவரவில்லை. அதனால் அரண்மனையிலிருந்து மீனவர் குடிசை வரை அதற்கு மவுசு. பிறகு ஐரோப்பாவிலேயே அச்சடித்த துணிகள் வந்து இடத்தைப் பிடித்தன. அருங்காட்சியகத்தில் அந்தப் பூத்துணிகளுக்கு முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். வரைந்தவர்கள், சாயம் தோய்த்தவர்கள் பெயர் எந்தக் கணக்கேட்டிலும் இல்லை.

மார்க்கன் மண்டையோடுகள் பற்றி ஏதோ படித்தேன்...

வருத்தமான கதை. தனித்திருந்த தீவு என்பதால், "கலப்பில்லாத ஆதி டச்சுக்காரர்கள்" இங்கே இருப்பதாக 19-ம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கற்பனை செய்துகொண்டார்கள். ஜெர்மன் அறிஞர் ப்ளூமன்பாக் மார்க்கனிலிருந்து வந்த ஒரு மண்டையோட்டை, டச்சுக்காரர்களின் மூதாதையராகக் கருதப்பட்ட ஆதி பட்டாவிய இனத்தின் மாதிரியாக வகைப்படுத்தினார். பிறகு ஜெர்மன் மருத்துவ அறிஞர் ருடோல்ஃப் ஃபிர்ஹோவும் ஸாய்டர்ஸே தீவு மண்டையோடுகளின் தட்டையான வடிவத்தை வைத்து வாதாடினார். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே இறுக்கமாகக் கட்டிய தொப்பிகள்தான் அந்த வடிவத்துக்குக் காரணம் என்ற விளக்கம் பின்னால் வந்தது. பெரிய இனக் கொள்கைக்கு அடியில் கிடந்தது ஒரு தாயின் பழக்கம். செத்தவர்களின் எலும்பை அந்த ஊர் மக்களைக் கேட்டா எடுத்தார்கள்? ஏழை ஊர்களை இப்படித்தான் உலகம் முழுக்க அளந்திருக்கிறார்கள்.

தேவாலயத்தில் கப்பல் தொங்குகிறதாமே?

ஆமாம். 1904-ல் கட்டிய பெரிய தேவாலயத்தில் கூரையிலிருந்து கப்பல், படகு மாதிரிகள் தொங்குகின்றன. கடலுக்குப் போனவர்களின் ஊர் வேறு எதைத் தொங்கவிடும்? மார்க்கன் உறுதியான புராட்டஸ்டண்ட் ஊர். எதிரே கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வோலண்டாம் கத்தோலிக்க ஊர். ஒரே நீர், ஒரே மீன். உடை, பேச்சு, திருவிழா எல்லாம் வேறு.

கலங்கரை விளக்கம் வரை நடக்க வேண்டுமா?

கட்டாயம் நடங்கள். தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது. பெயர் 'பார்ட் ஃபான் மார்க்கன்', அதாவது மார்க்கன் குதிரை. ஸாய்டர்ஸே கப்பல் பாதைக்காக 1700 வாக்கில் மூன்று விளக்குகள் எழுப்பினார்கள். அவற்றில் ஒன்று இங்கே. இப்போதைய வெள்ளைக் கோபுரம் 1839-ல் கட்டியது, உயரம் சுமார் 16 மீட்டர். கடுங்குளிர் ஆண்டுகளில் உறைந்த நீர் உடைந்து, காற்று தள்ளிக்கொண்டு வரும் பனிப்பாளங்கள் கோபுரத்தின் மேலேயே குவியும். கட்டடத்துக்கு அது சேதமும் ஏற்படுத்தியிருக்கிறது.

உறைபனி தீவுக்குச் சிறையும் ஆயிற்று, பாலமும் ஆயிற்று. பனி மெலிதாக இருந்தால் படகும் போகாது, நடக்கவும் முடியாது. கெட்டியானால் மோனிக்கண்டாம் வரை சறுக்கிக்கொண்டே போய்விடலாம். இன்றும் அந்தப் பக்கத்து நீர் நன்றாக உறைந்தால் சறுக்கவும், பாய்மரம் வைத்த பனிப்படகு ஓட்டவும் கூட்டம் கூடும்.

சுற்றுலா ஊரைக் கெடுத்துவிட்டதா?

சுற்றுலா இங்கே புதிதில்லை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஓவியர்களும் பயணிகளும் நீராவிப் படகில் வந்து இறங்கினார்கள். ஸேய்ட்ஜே பூஸ் என்ற பெண்மணி தன் வீட்டையே பயணிகளுக்குத் திறந்து காட்டி நினைவுப்பொருள் விற்றார், நாடறிந்தவரானார். மீன் போன பிறகு பல குடும்பங்களுக்கு அந்த வருமானம் கைகொடுத்தது. துறைமுகத் தெருவில் கடைகள் அதிகம் என்பது உண்மைதான். பத்து நிமிடம் நடந்து ரோஸவெர்ஃப் பக்கம் போனால் கூட்டமே இருக்காது. அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள். சன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

எப்படிப் போவது? எந்த நாள் நல்லது?

ஆம்ஸ்டர்டாம் மத்திய நிலையத்திலிருந்து பேருந்து இருக்கிறது. வோலண்டாமிலிருந்து படகில் வந்தால் அரை மணி நேரம். முதல்முறை போகிறவர்கள் படகிலேயே போங்கள், இந்த ஊரை நீர்ப்பக்கமிருந்து பார்ப்பதுதான் முறை. காரை ஊர் எல்லையில் உள்ள நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாட்டு நேரம், சத்தம் போடாமல் நடந்துகொள்ளுங்கள். காற்று எப்போதும் அடிக்கும். கோடையிலும் ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருந்தால் அவர்களுக்குக் காது மூடும் தொப்பியும்.